கவைக்கொம்புக் கடமான்: வயதா, தீனியா, வம்சமா?

உடல் பெருத்து, கழுத்து தடித்து, முழு வளர்ச்சி பெற்றதாகத் தோன்றும் ஆண் மானின் தலையில் சில வேளை இரண்டே கிளை கொண்ட குட்டைக் கொம்பு மட்டும் நிற்கும். அத்தகைய மானை என்ன செய்வது என்ற கேள்வி, மான் வேட்டை நடந்த பல நாடுகளில் எழுந்திருக்கிறது. கொம்பு சிறுத்தது வயதாலா, தீனிக் குறையாலா, வம்சத்தாலா என்பது அக்கேள்வியின் முதல் பாதி. அப்படிப்பட்ட கிடாக்களைச் சுட்டுக் கழித்துவிட்டால் அடுத்தடுத்த தலைமுறையில் கொம்பு பெருக்குமா என்பது மறுபாதி. முதல் பாதிக்குக் கிடைத்த விடையை மறுபாதிக்கும் விடையாக எடுத்துக்கொண்டதுதான் நூறாண்டுக்கு மேலாக இந்த விவாதம் தீராமல் நீண்டதற்கு ஒரு முக்கியக் காரணம்.

சேலத்துக்கு வடக்கே எழும் சேர்வராயன் மலை இதை ஆராய ஏற்ற இடம். சுமார் 400 சதுர கிலோமீட்டர் பரப்பில், ஏறக்குறைய எல்லாப் பக்கமும் சமவெளியும் சாலையும் ஊரும் சூழ்ந்து, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டாக அது நிற்கிறது. ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது. கறிக்காகவும் பயிர்க்காவலுக்காகவும் வேட்டையாடிய மலையாளிப் பழங்குடியினரும், கொம்புக்காகத் துப்பாக்கி தூக்கிய காபித் தோட்டத் துரைமாரும் ஒரே காட்டைப் பங்கிட்டுக்கொண்ட மலை இது.

கொம்பு முளைக்கும் விதம்

மாடு, ஆடு, வெளிமான் ஆகியவற்றின் கொம்பில் உள்ளே எலும்பும் வெளியே நகம் போன்ற உறையும் உண்டு. அது ஆயுளுக்கும் ஒன்றே. கடமான், புள்ளிமான், கேளையாடு ஆகியவற்றின் கொம்போ முழுக்க எலும்பு; விழுந்து மீண்டும் முளைப்பது. நெற்றி எலும்பிலிருந்து எழும் கொம்படியின் நுனியில் ரத்தக்குழாய்கள் நிறைந்த மென்தோல் போர்த்திய மொட்டு உருவாகி, சில மாதங்களில் முழு நீளம் பெறுகிறது. டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு கூடும்போது எலும்பு இறுகுகிறது, தோல் காய்ந்து உரிகிறது, மான் அதை மரங்களில் தேய்த்துக் கழிக்கிறது. சுரப்பு வற்றும் பருவத்தில் கொம்படிக்கும் கொம்புக்கும் இடையிலுள்ள எலும்பு அரிபட்டுக் கொம்பு விழுந்துவிடுகிறது.

கடமானின் முதல் கொம்பு கிளையில்லாத முளை. அடுத்தது பெரும்பாலும் கவை. அதற்குப் பிறகே, அடியில் ஒரு புருவக்கிளையும் உச்சியில் பிரியும் இரண்டு கிளைகளுமாக, பக்கத்துக்கு மூன்று முனை கொண்ட முழுக்கொம்பு வருகிறது. முதிர்ந்த கொம்பைக் கையில் எடுத்தால் அடிப்பகுதி முண்டும் முடிச்சுமாகச் சொரசொரக்கும். தண்டின் நெடுகிலும் நீளவாக்கில் பள்ளக்கோடுகள் ஓடும். மென்தோலில் இருந்த ரத்தக்குழாய்கள் எலும்பில் விட்டுப்போன தடங்கள் அவை. நுனிகள் மட்டும் தேய்ந்து வழவழப்பாக வெளுத்திருக்கும். இளங்கிடாவின் கவைக்கொம்பில் இந்த முண்டும் பள்ளமும் குறைவு. கொம்பின் நீளத்தைவிட அதன் மேற்பரப்பும் அடிச்சுற்றளவும் வயதைப் பற்றி நம்பகமான தகவல் தரும்.

முழு வளர்ந்த கிடா தோள்வரை 150 சென்டிமீட்டர் உயரமும் 225 முதல் 320 கிலோ வரை எடையும் பெறக்கூடும். எதிர்முனையில் இருப்பது கேளையாடு. இருபது கிலோவைச் சற்றே தாண்டும் இந்தச் சிறு மானுக்கு முதிர்ந்த பிறகும் அடியில் ஒரு சிறு கிளையோடு விரல் நீளக் கொம்புதான். அதன் இனத்துக்கே அதுதான் முழுக்கொம்பு. சுவரில் மாட்டிய பழைய மண்டையோடுகளில் கேளையாட்டுக் கொம்பை இளங்கடமானுடையது என்று மயங்க இடமுண்டு. மயிர் மூடிய நீண்ட கொம்படியைப் பார்த்தால் மயக்கம் தீரும்.

கறிக்கு ஒரு கணக்கு, கொம்புக்கு ஒரு கணக்கு

சேர்வராயன் மலையில் வேட்டையின் பழமை எழுத்து வரலாற்றுக்கு முந்தியது. ஏற்காட்டில் இறுதிக் காலத்தைக் கழித்து 1912இல் மறைந்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இம்மலையிலிருந்து வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரிகளைச் சேகரித்திருக்கிறார். பிற்கால மலையாளிகளின் வேட்டை சாமையும் கேழ்வரகும் விளையும் கொல்லைகளைக் காப்பதோடு கலந்தது. காட்டுப்பன்றியும் மானும் பயிரை மேயும்போது விரட்டுவதும் கொல்வதும் ஒரே வேலையின் இரண்டு முகங்கள். அந்தக் கணக்கில் உடல் பெருத்துக் கொம்பு சிறுத்த கிடா ஒரு குறையுள்ள விலங்கே அல்ல. ஊருக்குப் பங்கு வைக்கக் கறி உண்டு. கொம்பைக் கேட்பவர் யாருமில்லை.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார். அதைத் தொடர்ந்து தோட்டங்களும் பங்களாக்களும் பெருகின. துப்பாக்கியோடு வந்த இந்தப் புதியவர்களின் அளவுகோல் வேறு. 1860களில் தென்னிந்திய மலைகளை அரசுக்காகப் படமாக வரைந்த டக்ளஸ் ஹாமில்டனின் வேட்டைக் குறிப்புகள் 1892இல் நூலாயின. அதே ஆண்டில்தான் லண்டனில் ரோலண்ட் வார்டு நிறுவனம் உலகப் பெருவிலங்குகளின் கொம்பு அளவுகளைத் தொகுத்த பதிவேட்டின் முதல் பதிப்பை வெளியிட்டது. வேட்டையாடியதன் மதிப்பு அங்குலத்தில் நிர்ணயமாகத் தொடங்கிய பிறகே 'நல்ல தலை', 'மோசமான தலை' என்ற பிரிவும், மோசமான தலையை என்ன செய்வது என்ற கேள்வியும் அழுத்தம் பெற்றன.

மூன்றாவது ஒரு கணக்கும் இருந்தது. இலங்கையின் மலைநாட்டில் வெள்ளைத் தோட்டக்காரர்கள் 'எல்க்' என்று அழைத்த அதே கடமானை, சாமுவேல் பேக்கர் போன்றவர்கள் வேட்டை நாய்களை விட்டுத் துரத்திக் கத்தியால் கொன்றார்கள். அங்கே பந்தயம் ஓட்டத்திலும் எதிர்ப்பிலும் இருந்ததால் கொம்பின் அளவு பின்னுக்குப் போனது. ஆக, சிறு கவைக்கொம்பு ஒரு பிரச்சினையாகத் தெரிந்தது கொம்புக்காக வேட்டையாடியவர்களுக்கு மட்டுமே. இதை மனத்தில் இருத்திக்கொண்டுதான் பின்வரும் விடைகளை எடைபோட வேண்டும், ஏனெனில் அவற்றில் பெரும்பாலானவை அவர்களுடைய தேவையிலிருந்து பிறந்தவை.

முதல் விடை: வயது

மிக எளிய விளக்கம், கவைக்கொம்பு இளமையின் அடையாளம் என்பது. கடமான் உடலால் சீக்கிரம் பெரிதாகிவிடும். கொம்பு முழு அளவை எட்ட மேலும் சில ஆண்டுகள் பிடிக்கும். இரண்டாம் கொம்பைச் சுமக்கும் கிடா, தனியாக நிற்கும்போது, பார்ப்பவர் கண்ணுக்கு முழுக்கிடாவாகவே தோன்றலாம். அருகில் பெண்மான் ஒன்று நின்றால்தான் உண்மை அளவு விளங்கும். இன்னொரு முனையில் கிழட்டுக் கிடா இருக்கிறது. பல் தேய்ந்து இரை சரியாக அரைபடாத காலத்தில் கொம்பு ஆண்டுக்காண்டு இறங்குமுகமாகும், கிளைகள் குறுகும்.

இந்த விடையின் பலவீனம் அதன் தர்க்கத்தில் இல்லை, பயன்படுத்துவதில் இருக்கிறது. அந்தி வெளிச்சத்தில், புதர் மறைவில் வயதைச் சரியாகக் கணிப்பது அனுபவசாலிக்கும் கடினம். வெப்பமண்டலத்தில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. குளிர்நாட்டு மான்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கொம்பை உதிர்த்து ஒரே சமயத்தில் வளர்க்கின்றன. தென்னிந்தியப் புள்ளிமான் கூட்டத்தில் முற்றிய கொம்பும் மென்தோல் கொம்பும் கொம்பில்லாத தலையும் ஒரே நாளில் அருகருகே காணக்கிடைக்கும். கடமானிலும் ஓரளவு இந்தச் சிதறல் உண்டு. பாதி வளர்ந்த மென்தோல் கொம்பு தொலைவிலிருந்து சிறு கவையாகவே தெரியும். கடமான் ஆண்டுதோறும் கொம்பை உதிர்ப்பதில்லை என்று அந்தக்கால வேட்டைக்காரர்கள் சிலர் சாதித்ததற்கும் இந்த ஒழுங்கின்மையே காரணமாகியிருக்க வேண்டும். 'கொம்பு சிறுத்த கிடா' என்று குறித்துவைக்கப்பட்டவற்றில் ஒரு பகுதி, இன்னும் இரண்டு மாதம் கழித்துப் பார்த்திருந்தால் அந்தப் பட்டியலிலேயே இடம்பெற்றிருக்காது.

இரண்டாம் விடை: தீனியும் மண்ணும்

கொம்பு கட்டுவதற்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் வேண்டும். சில மாதங்களுக்குள் அவ்வளவு தாதுவையும் தீனியிலிருந்து மட்டும் எடுக்க முடியாததால் மான் தன் விலா எலும்புகளிலிருந்தே கடன் வாங்குகிறது. உதிர்ந்த கொம்பையும் பழைய எலும்பையும் மான்கள் கடித்துத் தின்பதும், உப்புமண் உள்ள இடங்களைத் தேடிப் போவதும் இந்தப் பசியின் வெளிப்பாடுகள்.

தீனியின் வலிமையை மறுக்கமுடியாத விதத்தில் காட்டியது 1930களில் பொஹீமியாவில் ஃபிரான்ஸ் ஃபோக்ட் நடத்திய சோதனை. சாதாரணக் கொம்புள்ள சிவப்புமான்களை வேலிக்குள் வைத்து, எண்ணெய் எடுத்த எள்ளுப் பிண்ணாக்கு உள்ளிட்ட புரதச் செறிவான தீனியைத் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தார். உடலும் கொம்பும் அந்நாட்டுக் காட்டுமான்கள் எட்டாத அளவுக்குப் பெருத்தன. வம்சத்தைப் பொறுக்கித் திருத்துவதைவிடத் தாய்மானின் வயிறு நிறைவது முக்கியம் என்பதே அதிலிருந்து பெறப்பட்ட முடிவு.

சேர்வராயன் மலைக்கு இந்த விடையைப் பொருத்தும்போது சில செய்திகள் கவனத்துக்குரியவை. மலையின் உச்சிப் பகுதிகளில் பாக்சைட் படிவுகள் உண்டு. அவை வெட்டியெடுக்கப்பட்டும் வந்தன. நீண்டகால மழை அரிப்பில் கரையக்கூடிய சத்துகளை இழந்த பாறையே பாக்சைட் ஆகிறது. அவ்வகை மண்ணில் சுண்ணாம்பும் கிடைக்கக்கூடிய பாஸ்பரசும் பொதுவாகக் குறைவு. அடிவாரத்தில் சேலத்தை ஒட்டிய சுண்ணாம்புக்கரடோ, பெயர் எப்படியிருந்தாலும், மேக்னசைட்டுக்குப் பேர்போனது. மலைமேல் காபி நிழலில் புல் குறைவு, கைவிட்ட நிலங்களில் உண்ணிச்செடி மண்டிக்கிடக்கிறது. இவையெல்லாம் கொம்பு சிறுக்க ஏற்ற சூழல்தான். ஆனால் சூழல் இருப்பது ஒன்று, அதுவே காரணம் என்று காட்டுவது வேறு.

மேலும் இந்த விடைக்கு வெளிப்படையான ஒரு தடை உண்டு. தீனிதான் காரணமென்றால் உடலும் சேர்ந்தே சிறுத்திருக்க வேண்டாமா? பெரிய உடலில் சிறு கொம்பு எப்படி வரும்? உடல் பல ஆண்டுகளின் சேமிப்பு, கொம்பு ஒரே பருவத்தின் வரவு என்பதுதான் இதற்குத் தரப்படும் பதில். நல்ல மழை பெய்த ஆண்டுகளில் வளர்ந்து பெருத்த கிடா, வறண்ட ஓர் ஆண்டில் உடலைக் காத்துக்கொண்டு கொம்பைக் குறைத்துவிடும். பதில் பொருத்தமானதே. ஆனால் அது ஓர் ஆண்டின் கொம்பை விளக்கும். அதே கிடா தொடர்ந்து பல ஆண்டுகள் கவைக்கொம்பே சுமந்தால் விளக்காது.

அங்கே காயம் என்ற காரணம் நுழைகிறது. கொம்படியில் அடிபட்டாலோ, விதையில் காயம் பட்டுச் சுரப்பு கெட்டாலோ கொம்பு நிரந்தரமாகக் குறைபடும். காலில் பட்ட பெருங்காயம்கூட அடுத்த கொம்பைக் கோணலாக்குவது உண்டு. காட்டோரங்களில் கம்பிச் சுருக்கு வைக்கும் பழக்கம் ஒழியாத பகுதிகளில் இதை ஒதுக்கிவிட முடியாது.

மூன்றாம் விடை: வம்சம், அதிலிருந்து பிறந்த கழிப்பு வேட்டை

கொம்பின் வடிவம் தகப்பன்வழி வருவது. ஆகவே மோசமான கொம்பனைக் கழித்தால் மந்தை செம்மையாகும் என்பது மூன்றாவது நிலைப்பாடு. ஆடுமாடு வளர்ப்பவர்களின் அறிவைக் காட்டுக்கு நீட்டிய வாதம் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய வனவர் ஃபெர்டினாண்ட் ஃபொன் ரேஸ்ஃபெல்ட் இதற்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தார்: துப்பாக்கியே பராமரிப்புக் கருவி, நல்லதை விட்டுக் கெட்டதைச் சுடு. 1934இல் வந்த ஜெர்மன் வேட்டைச் சட்டம் இந்தக் கருத்தை அரசாங்க விதியாகவே ஆக்கியது.

அமெரிக்காவில் இதன் களம் டெக்சாஸ். அங்குள்ள கெர் வனவிலங்கு மையத்தில் 1970களில் தொடங்கிய வேலிச் சோதனைகளில், முதல் கொம்பு கிளையில்லாத முளையாக வந்த வெள்ளைவால் மான்கள், கவையாக வந்தவற்றைவிடப் பிற்காலத்திலும் சராசரியாகச் சிறு கொம்பே பெற்றன. அவற்றின் வாரிசுகளும் அப்படியே. இந்த முடிவு வேட்டைக்காரர்களிடம் பரவி, 'முளைக்கொம்பனைச் சுடு' என்பது விதியானது. ஆனால் மிசிசிப்பியில் நடந்த ஆய்வு, ஓராண்டுக் கொம்பில் பரம்பரையின் பங்கு மிகக் குறைவு என்றது. தென் டெக்சாஸ் காட்டு மான்களைப் பிடித்து அடையாளமிட்டு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தவர்கள், நாலரை வயதுக்குள் இரண்டு வகையும் சமமாகிவிடுவதைக் கண்டார்கள். வேலிக்குள் சில தகப்பன்களின் வாரிசுகளை வைத்துப் பெற்ற முடிவைத் திறந்த காட்டுக்குப் பொருத்தியதுதான் முதல் சோதனை குறித்த முக்கிய ஆட்சேபம்.

நேரடியான பரிசோதனையும் நடந்தது. தென் டெக்சாஸின் கமாஞ்சி பண்ணையில் ஒரு பகுதியில் கடுமையாகவும், ஒரு பகுதியில் மிதமாகவும் கழித்து, மூன்றாவது பகுதியில் கழிக்காமல் விட்டுப் பல ஆண்டுகள் ஒப்பிட்டார்கள். கழித்த இடத்தில் கொம்பு பெருகவில்லை. வறட்சி ஆண்டில் இளங்கிடாக்களில் பெரும்பாலானவை 'மோசம்' என்ற வரையறைக்குள் விழுந்ததால், கடுமையாகக் கழித்த பகுதியில் கிடாக்களின் எண்ணிக்கைதான் சரிந்தது. மழை செய்த குற்றத்துக்கு மானைத் தண்டித்த கதை.

ஏன் பலிக்கவில்லை என்பதற்கான காரணங்கள் கழிப்பின் வரம்பைக் காட்டுபவை. கொம்பின் மரபில் பாதி தாய்வழி வருகிறது. தாய்க்குக் கொம்பே இல்லாததால் அந்தப் பாதியைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்க வழியில்லை. பெண்மான்களோடு சேரும் வாய்ப்பும் ஒரு சில கிடாக்களுக்கு மட்டும் கிட்டுவதில்லை, பலருக்குப் பகிர்ந்து போகிறது. பக்கத்துக் காட்டிலிருந்து இளங்கிடாக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இவற்றில் கடைசிக் காரணம் மட்டும் சேர்வராயன் போன்ற தனிமலையில் வலுவிழக்கும். ஆனால் அங்கே அதைவிடப் பெரிய ஆபத்து எழுகிறது: சிறிய, ஒதுங்கிய கூட்டத்திலிருந்து கிடாக்களைப் பொறுக்கி எடுத்தால் உள்வம்சக் கலப்பு விரைவாகும். செம்மைப்படுத்தும் முயற்சியே சீர்குலைவாக முடியலாம்.

ஸ்காட்லாந்தின் மொட்டைக் கிடா

இந்த விவாதத்தில் மிகத் தெளிவான படிப்பினை தருவது ஸ்காட்லாந்தில் 'ஹம்மல்' எனப்படும் கொம்பில்லாத சிவப்புமான் கிடா. உடல் நன்கு பெருத்திருக்கும், தலையில் கொம்படி முண்டு மட்டும் நிற்கும். குறையைக் குட்டிகளுக்குக் கடத்திவிடும் என்ற அச்சத்தில் கண்ட இடத்தில் சுடுவது வேட்டைக் காவலர்களின் நெடுநாள் வழக்கம். ஜெரால்ட் லிங்கன், ஜான் ஃபிளெட்சர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு ஹம்மலைப் பிடித்து வளர்த்துப் பெண்மான்களோடு சேரவிட்டார்கள். பிறந்த ஆண் வாரிசுகளுக்குக் கொம்பு முளைத்தது. ஹம்மலின் ஒரு பக்கக் கொம்படி நுனியை மட்டும் வெட்டிவிட்டபோது அந்தப் பக்கத்தில் அதற்கே கொம்பு வளர்ந்தது. வளர்க்கும் திறன் உடலில் இருந்திருக்கிறது. இளம்பருவத்தில் சரியான தூண்டல் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். குட்டிப்பருவத் தீனிக்குறைவே அதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. தலைமுறைகளாக உறுதியாக நம்பப்பட்ட 'வம்சக் குறை' ஒரே பரிசோதனையில் தகர்ந்த நிகழ்ச்சி இது.

எதிர்த்திசை: பெரிய கொம்பைச் சுட்டால்?

மோசமானதைக் கழித்தால் கொம்பு பெருகும் என்ற நம்பிக்கையைப் புரட்டிப்போட்டால், நல்லதைச் சுட்டுக்கொண்டே இருந்தால் கொம்பு சிறுக்கும் என்றாகிறது. பெருங்கொம்பனையே குறிவைத்த காலனிய வேட்டைக்கு இது நேராகப் பொருந்தும் வாதம். கனடாவின் ராம் மலையில் மலையாடுகளை முப்பதாண்டு தொடர்ந்த ஆய்வு, கொம்புக்கான வேட்டையால் கொம்பும் உடலும் பரம்பரையாகவே சிறுத்ததாக 2003இல் அறிவித்துப் பரபரப்பை ஏற்படுத்தியது. மந்தை நெருக்கத்தால் தீனி குறைந்ததும் ஒரு பங்கு வகித்திருக்கும் என்ற மறுப்பும் எழுந்தது. மலையாட்டின் கொம்பு உதிராதது, ஆண்டுக்காண்டு கூடுவது. அதைக் கடமானுக்கு அப்படியே நீட்டுவது சரியாகாது. ஸ்காட்லாந்தின் ரம் தீவில் சிவப்புமான்களைப் பல பத்தாண்டுகள் கவனித்தவர்கள் கண்டதும் எச்சரிக்கைக்குரியது: கொம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்கு வேறுபாடு பரம்பரையைச் சார்ந்தது, பெரிய கொம்பன்களுக்கு வாரிசும் அதிகம், அப்படியிருந்தும் தலைமுறைகள் கடந்தும் கொம்பு பெருகவில்லை. நன்றாகத் தின்ற கிடாவுக்குக் கொம்பும் பெருக்கிறது, வாரிசும் பெருகுகிறது. ஒன்றால் மற்றொன்று அல்ல.

பரம்பரை உண்மையாகவே வேலை செய்த உதாரணம் தென்னிந்தியக் காடுகளிலேயே இருக்கிறது. தந்தமில்லாத ஆண் யானையான மக்னா, உடல் பெருத்துத் தலையாயுதம் இல்லாத விலங்கு. தந்தம் வளர்வதும் வளராததும் பெருமளவு மரபுவழிப்பட்டவை. தந்தத்துக்காகக் கொம்பன்களையே கொன்ற பெரியாறு காட்டில், 1980களின் இறுதியில் வளர்ந்த ஆண் ஒன்றுக்குப் பெண் நூறு என்ற நிலைகூட வந்தது. அத்தகைய அழுத்தத்தில் மக்னாவின் பங்கு கூடுவது எதிர்பார்க்கக்கூடியதே. இலங்கையில் ஆண் யானைகளில் மிகச் சிலவற்றுக்கே தந்தம் உண்டு. தந்தம் உண்டு, இல்லை என்ற இரட்டைத் தன்மையைக் கொம்பின் நீளம், கிளை போன்ற படிப்படியான தன்மையோடு ஒன்றாக வைத்துப் பேசியதும் பழைய வேட்டை எழுத்துகளின் குழப்பங்களில் ஒன்று.

தெற்கின் கொம்பே சிறியதா?

கடமான் கொம்புகளில் பெரியவை நர்மதை, தபதி பகுதிகளின் மத்திய இந்தியக் காடுகளில் கிடைத்தன என்பதைப் பழைய பதிவுகள் சொல்கின்றன. அங்கே ஒரு மீட்டரைத் தாண்டிய கொம்புகள் பல. தெற்கே உடல் குறையாமல் கொம்பு மட்டும் குறைவதாகக் கருதப்பட்டது. அப்படியானால் தெற்கின் 'மோசமான தலை' வடக்கின் அளவுகோலால் மட்டுமே மோசம். இந்த ஒப்பீட்டுக்கு ஒரு குறை உண்டு: பதிவேட்டில் ஏறியவை சுட்டவர்கள் பெருமையோடு அனுப்பியவை. சாதாரணக் கொம்பு எங்கும் பதிவாகவில்லை. பதிவேடுகள் உச்சத்தைச் சொல்லும், சராசரியைச் சொல்லா.

சட்டத்தின் பாதை

நீலகிரியில் 1879ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டைப் பருவத்தைக் கட்டுப்படுத்தியது. சேர்வராயன் உள்ளிட்ட மற்ற மலைகளின் ஒதுக்குக்காடுகளுக்கு 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டத்தின் கீழான விதிகள். 1912இல் அனைத்திந்தியப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று வந்தது. இந்த விதிகளின் பொதுப்போக்கு பெண்மானையும் குட்டியையும் காப்பது, ஆணைச் சுட அனுமதிப்பது. பல மாகாண விதிகள் கொம்பு நீளத்துக்குக் கீழ்வரம்பும் வைத்தன. அதாவது ஐரோப்பா சிறு கொம்பனைச் சுடச் சொன்னபோது, இங்குள்ள விதி சிறு கொம்பனை விட்டுவிடச் சொன்னது. இளங்கிடா என்று கருதியே இப்படி வைத்தார்கள். பின்வந்த ஆய்வுகளை வைத்துப் பார்த்தால் இந்த முன்னெச்சரிக்கை தவறாகப் போகவில்லை.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு விளையாட்டு வேட்டையின் காலம் முடிவுக்கு வரத் தொடங்கியது. மலையோரங்களில் நாட்டுத் துப்பாக்கியும் சுருக்கும் முற்றாக மறையவில்லை. பொங்கலை ஒட்டிய முயல் வேட்டையையும் வாழப்பாடிப் பக்கத்து வங்காநரி ஜல்லிக்கட்டையும் தடுக்க வனத்துறை ஆண்டுதோறும் எச்சரிக்கை விடுக்க வேண்டியிருக்கிறது. இந்த வேட்டைகளுக்கும் கொம்பின் அளவுக்கும் தொடர்பில்லை. சுருக்கில் மாட்டும் மானின் தலையைப் பார்த்துக் கம்பி இறுகுவதில்லை. ஏற்காட்டுத் தோட்டங்களில் இப்போது பேச்சாக இருப்பதும் மான் அல்ல, காட்டெருமை.

தீர்ந்ததும் தீராததும்

ஒரு பருவத்தின் சிறு கொம்பு வம்சத்தின் தரத்தைக் காட்டாது என்பது இன்று பெரும்பாலும் தீர்ந்த செய்தி. திறந்த காட்டில் கழிப்பு வேட்டை கொம்பைப் பெருக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. இவை இரண்டும் முக்கியமாகக் குளிர்நாட்டு, மிதவெப்ப நாட்டு மான்களைக் கொண்டு பெறப்பட்டவை. கடமானுக்கும் பொருந்தும் என்று எதிர்பார்க்க நியாயம் உண்டு. நூறாண்டுக்கு மேலான பெருங்கொம்பன் வேட்டை தென்னிந்தியக் கடமானின் மரபில் நிலையான தடம் விட்டதா, கிழக்குத் தொடர்ச்சி மலையின் மண்ணும் தீனியும் கொம்பை எவ்வளவு கட்டுப்படுத்துகின்றன, தனிமலைகளில் ஒதுங்கிய கூட்டங்களில் உள்வம்சக் கலப்பு கொம்பில் வெளிப்படுகிறதா ஆகிய மூன்றும் திறந்தே கிடக்கின்றன.

இவற்றை ஆராய ஒரு மானையும் கொல்ல வேண்டியதில்லை. உதிர்ந்த கொம்பின் அடிச்சுற்றளவு, நீளம், தாது அளவு, மரபணு ஆகியவற்றோடு அது கிடந்த இடத்தையும் மாதத்தையும் சேர்த்துப் பல ஆண்டுகள் பதிந்தால் போதும். தானியங்கிக் கேமராக்கள் அதே கிடாவை அடுத்தடுத்த ஆண்டுகளில் அடையாளம் காட்டும். மலையடிவாரத்துக் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் வயது தெரிந்த மான்களின் கொம்பை ஆண்டுதோறும் அளந்துவைத்தால் ஒப்பீட்டுக்கு அடிப்படை கிடைக்கும். காட்டில் கிடைக்கும் கொம்பு யார் கையில் கிடைத்தாலும் அரசின் சொத்து. எடுத்துவைத்துக்கொள்வதும் விற்பதும் குற்றம். ஆகவே இந்தக் கணக்கெடுப்பை வனத்துறையோ அதன் அனுமதி பெற்ற ஆய்வாளர்களோதான் செய்ய முடியும். கடமான் 2008 முதல் உலக அளவில் அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. கொம்பு பெரிதோ சிறிதோ, அதைச் சுடுவதற்கு இந்தியாவில் இன்று விளையாட்டு உரிமம் கிடையாது.